ஒரு பெட்டியா, பல பெடல்களா?

பல்லேகலவில் வசிக்கும் என் மருமகன், பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்து இரண்டு வருடமாகச் சேர்த்த பணத்துடன் சென்ற வாரம் வந்தான். "மாமா, எல்லா எபெக்டும் உள்ள டிஜிட்டல் பெட்டி ஒன்றை வாங்கவா, தனித்தனி அனலொக் பெடல்களை வாங்கவா? சொல்லுங்க" என்றான். திருமண வீடுகளில் கிற்றார் வாசித்துக் கிடைப்பதும் அந்தக் குடும்பத்துக்கு ஒரு வருமானம். ஆகவே இதை விளையாட்டுக் கேள்வியாக நான் எடுக்கவில்லை.

1962இல் வந்த மேஸ்ட்ரோ பஸ்டோன் என்ற பெடலை, 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் 'சற்றிஸ்பக்ஷன்' பாடலில் பயன்படுத்தியதும் உலகம் அதைத் தேடி ஓடியது. அதனுள் இருந்தவை மூன்று டிரான்சிஸ்டர்களும் சில உதிரிகளுமே. டிஜிட்டல் பெட்டியோ கிற்றாரின் ஒலியை எண்களாக்கி, கணக்கிட்டு, மீண்டும் ஒலியாக்குகிறது. 1998இல் லைன் 6 நிறுவனத்தின் 'பொட்' வந்தபின் இம்முறை வீடுகளுக்குள்ளும் நுழைந்தது.

"உயிர் அனலொக்கில்தான்" என்பார் என் தலைமுறையினர். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் டிரம்ஸ் முழங்கி, சனம் ஆடும் மண்டபத்தில் அந்த வேறுபாட்டைக் கேட்கும் காதுகள் எத்தனை? ஒலியை வைத்து இதைத் தீர்மானிக்க வேண்டாம் என்பதே என் கட்சி.

தீர்மானிக்க வேண்டியவை பணமும் பழுதும்தான். 2022 மார்ச் ஆரம்பத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐ எட்டியதை நாம் மறக்கவில்லை. வெளிநாட்டுப் பொருள் ஒன்று பழுதானால் இன்னொன்று வாங்குவது இங்கே எளிதன்று. ஓவர்டிரைவ் பெடலில் கெடக்கூடியது ஒரு சிறு சிப்போ, டயோடோ, சுவிச்சோதான். வானொலி திருத்துபவரே மாற்றிவிடுவார். 1990களில் நான் வாங்கிய டிஜிட்டல் பெட்டியின் திரை அணைந்தது, உதிரிப்பாகம் கிடைக்கவில்லை. இன்றும் அது அலுமாரியில் கிடக்கிறது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, டிஜிட்டல் பெட்டியையே வாங்கச் சொன்னேன்.

காரணம் எளியது. கோரஸ், டிலே, ரிவேர்ப் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு பெடல், இடையே வயர்கள், மின்வழங்கி என்று கூட்டினால் அவனது பணம் பாதிவழியில் தீர்ந்துவிடும். மேலும், எந்த எபெக்ட் தனக்கு வேண்டும் என்றே அவனுக்கு இன்னும் தெரியாது. அதை ஒரே பெட்டி கற்றுத்தரும். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் இரவில் ஹெட்போனில் பயிற்சி செய்யலாம். பற்றரியில் இயங்கும் வகையாயின், 2022 மார்ச் இறுதியில் 13 மணிநேரம் வரை நீண்ட மின்வெட்டைப் போன்ற நாளிலும் கை ஓயாது.

இரண்டு நிபந்தனைகள் மட்டும் விதித்தேன். விலையுயர்ந்ததை விட்டு, உத்தரவாதமுள்ள நடுத்தரப் பெட்டியை வாங்கு. மீதிப் பணத்தில் பழைய ஓவர்டிரைவ் பெடல் ஒன்றை வாங்கி வை. மேடையில் பெட்டி ஒருநாள் கைவிட்டாலும் கச்சேரி நின்றுவிடாது.

"அப்ப அனலொக்கை விட்டுடலையே, மாமா" என்று சிரித்தான்.