முதல் பிஸ்டல் வாங்கப் போறீங்களா? முதல்ல 3,000 ஷாட், அப்புறம் கார்டு



2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல 10 மீட்டர் ஏர் பிஸ்டல்ல மனு பாக்கர் வெண்கலம் வாங்கினாங்க. சரப்ஜோத் சிங் கூடச் சேர்ந்து கலப்பு அணியில இன்னொரு வெண்கலம். அதுக்கப்புறம் நம்ம சேனல் கமெண்ட்ல அடிக்கடி வர்ற கேள்வி: "ப்ரோ, ஷூட்டிங் கத்துக்கலாம்னு இருக்கேன். முதல் பிஸ்டலா எதை வாங்கலாம்?"

என் பதில் பல பேருக்குப் பிடிக்காது. முதல் ஆறு மாசத்துக்கு எதையும் வாங்காதீங்க. கிளப் பிஸ்டல்ல சுடுங்க. ஏன்னு கணக்கோட சொல்றேன். அப்புறம் வாங்குற நாள் வரும்போது எதைப் பார்க்கணும்னும் சொல்றேன்.

எந்த பிஸ்டலைப் பத்திப் பேசுறோம்?

ஏர் பிஸ்டல் மட்டும்தான். 4.5 மி.மீ. (.177) குறுக்களவுக்கும் 20 ஜூல் சக்திக்கும் உள்ளே இருக்கிற ஏர் பிஸ்டலுக்கு நம்ம நாட்டுல ஆயுத லைசென்ஸ் தேவையில்லை. தோட்டா போட்டுச் சுடுற கைத்துப்பாக்கி வேற கதை. 1959 ஆயுதச் சட்டப்படி அதுக்கு லைசென்ஸ் வேணும், போலீஸ் விசாரணை உண்டு. படத்துல பார்க்கிற 9 எம்எம் பிஸ்டல் சாதாரண ஆளுக்குத் தடைசெய்யப்பட்ட ரகம். "வீட்டுப் பாதுகாப்புக்கு ஒண்ணு இருக்கட்டுமே"ங்கிற யோசனையோட வந்தவங்களுக்கு இந்தப் பதிவு உதவாது.

இப்போ கணக்கு

வெளிநாட்டுல தயாராகி வர்ற புது மேட்ச் பிஸ்டல் (ஸ்டெயர், மொரினி, வால்தர், பார்தினி மாதிரி) ஒண்ணரை லட்சத்தைச் சாதாரணமாத் தாண்டும். ஒரு உதாரணத்துக்கு 1,80,000 ரூபாய்னு வச்சுக்குவோம். பர்சனல் லோன், 14% வட்டி, 24 மாசம். இஎம்ஐ சுமார் 8,640 ரூபாய். மொத்தமா நீங்க கட்டுறது 2,07,000 ரூபாய்க்கு மேல. கையில 40,000 சம்பளம் வாங்குறவருக்கு இது அஞ்சுல ஒரு பங்குக்கும் மேல.

வாரத்துக்கு ரெண்டு நாள், நாளுக்கு 60 ஷாட் சுடுறீங்க. போட்டியோட தகுதிச் சுற்றும் 60 ஷாட்தான், அதனால இது நியாயமான அளவு. மூணு மாசத்துல 1,560 ஷாட் ஆகும். அதோட ஆர்வம் போயிடுச்சுன்னா, வட்டியை விட்டுட்டுப் பார்த்தாலும் ஒரு ஷாட்டுக்கு 115 ரூபாய் செலவு பண்ணியிருக்கீங்க. பாதி விலைக்கு வித்தாலும் 57 ரூபாய்.

இப்போ கிளப் வழி. பிஸ்டல், ரேஞ்ச், கோச் எல்லாம் சேர்த்து மாசம் 3,000 ரூபாய்னு வச்சுக்குவோம். ஊருக்கு ஊர் மாறும், நீங்க விசாரிச்சு உங்க நம்பரைப் போட்டுக்கங்க. ஆறு மாசத்துக்கு 18,000. அதுக்குள்ள 3,120 ஷாட் சுட்டிருப்பீங்க. 500 குண்டு இருக்கிற டப்பா 1,000 ரூபாய்னு வச்சா குண்டுக்கு 2 ரூபாய். எல்லாம் சேர்த்து ஒரு ஷாட்டுக்கு 8 ரூபாய்க்கும் கீழ. நடுவுல விட்டுட்டாலும் இஎம்ஐ உங்களைத் துரத்தாது.

பரண்மேல தூங்குற கிட்டார், துணி காயப்போடுற டிரெட்மில், இதெல்லாம் நம்ம வீடுகள்ல ஏற்கெனவே இருக்கு. பிஸ்டலும் அந்த வரிசையில சேர வேணாம்.

"சொந்தமா இருந்தா வீட்டுலயே பிராக்டிஸ் பண்ணலாமே?"

நியாயமான கேள்வி. குண்டு போடாம குறி பார்த்து டிரிகர் அழுத்துற டிரை ஃபயர் பயிற்சிக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனா முதல் சில மாசம் உங்களுக்குக் குறையிறது தோள்பட்டை பலமும் நிதானமும். இந்த விளையாட்டுல ஒரே கையாலதான் பிடிக்கணும். மேட்ச் பிஸ்டல் ஏறக்குறைய ஒரு கிலோ. ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலும் அதே எடைதான்! கையை நேரா நீட்டி 20 செகண்ட் ஆடாம பிடிச்சுப் பாருங்க. அது சுலபமா வர்ற வரைக்கும் அந்தத் தண்ணி பாட்டிலே போதும்.

கை அளவு இன்னொரு காரணம். பிடியைச் சரியா பிடிக்கவே தெரியாத நாள்ல "எனக்கு மீடியமா, லார்ஜா?"னு கேட்டா என்ன பதில் சொல்வீங்க? அந்தப் பதில் கிளப்ல நாலு பிஸ்டலை மாத்தி மாத்திச் சுட்டாத்தான் வரும்.

ஆறு மாசம் தாண்டியும் ஆசை இருக்கா? அப்போ இதைப் பாருங்க

1. பிடி. கண்ணை மூடிட்டு பிஸ்டலைத் தூக்குங்க. கண்ணைத் திறந்ததும் முன் குறிமுள் பின்னாடி இருக்கிற பள்ளத்துக்கு நடுவுல நிக்கணும். மணிக்கட்டை வளைச்சுத்தான் சரி பண்ண முடியுதுன்னா அந்தப் பிடி உங்க கைக்கு இல்ல. இடது கைக்காரங்களுக்குத் தனிப் பிடி உண்டு, கேட்டு வாங்கணும்.

2. டிரிகர். போட்டி விதிப்படி டிரிகரை இழுக்கக் குறைஞ்சது 500 கிராம் விசை தேவைப்படணும். மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்னு ரெண்டு வகை உண்டு. முதல் பிஸ்டலுக்கு மெக்கானிக்கல் போதும்ங்கிறது என் கருத்து. விலை குறைவு, பேட்டரி கவலை இல்ல. 2021 டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல மனு பாக்கருக்கே தகுதிச் சுற்று நடுவுல பிஸ்டல் கோளாறாகி நிமிஷங்கள் வீணாச்சு. கடைசியில ஃபைனலுக்குப் போக முடியல. அவங்க பக்கத்துலயாவது உதவிக்கு ஆள் இருந்தது. உங்களுக்குப் பக்கத்துல சர்வீஸ் எங்க இருக்குன்னு வாங்கறதுக்கு முன்னாடியே விசாரிங்க.

3. சிலிண்டர் தேதி. செகண்ட் ஹேண்ட் வாங்குறவங்க இதுலதான் ஏமாறுறாங்க. அழுத்தக் காற்று சிலிண்டருக்கு ஆயுசு உண்டு. பல ஐரோப்பிய கம்பெனிகள் தயாரிச்ச தேதியிலிருந்து 10 வருஷம்னு வச்சிருக்காங்க. தேதி சிலிண்டர்லயே பொறிச்சிருக்கும். முடிஞ்சு போன சிலிண்டரோட வர்ற "சூப்பர் டீல்"ல புது சிலிண்டர் விலையையும் கூட்டிப் பாருங்க. தேதி நல்லா இருந்தா, புதுசை விட செகண்ட் ஹேண்டைத்தான் நான் முதல்ல தேடச் சொல்வேன்.

4. கூட வர்ற செலவு. 200 பார் அழுத்தத்துக்குக் காற்று நிரப்பணும். கிளப்ல வசதி இருக்கா, இல்ல பம்ப்பும் நீங்களே வாங்கணுமா? குண்டு, பூட்டு வச்ச பெட்டி, சீல் மாத்துற சர்வீஸ் எல்லாம் பட்ஜெட்டுக்குள்ள வரணும்.

ஒரு எச்சரிக்கை. நிஜத் துப்பாக்கி மாதிரியே இருக்கிற கருப்பு நிற சிஓ2 மாடல்கள் குறைஞ்ச விலைக்குக் கிடைக்குது. எஃகு குண்டு சுடுற அந்த மாதிரிகள்ல 10 மீட்டர் பயிற்சி நடக்காது. பலகையில பட்டுத் திரும்பி வர்ற எஃகு குண்டு கண்ணைப் பறிச்சிடும். அதை வெளியில காட்டினா பார்க்கிறவங்களுக்கு நிஜம்னுதான் தெரியும், போலீஸுக்கும் அப்படித்தான். ஸ்டேட்டஸுக்கு போட்டோ எடுக்க வாங்குறதா இருந்தா அந்தக் காசை எஸ்ஐபில போடுங்க.

அந்த துருக்கிக்காரர் போட்டோ

பாரிஸ்ல ஒரு கையை பாக்கெட்ல விட்டுட்டு, சாதாரணக் கண்ணாடியோட சுட்டு வெள்ளி வாங்கின யூசுஃப் டிகெச் ஞாபகம் இருக்கா? "எந்த கியரும் இல்லாம ஜெயிச்சுட்டார்"னு மீம் போட்டோம். அவர் கையில இருந்ததும் மேட்ச் பிஸ்டல்தான். ஆனா அவருக்கு அப்போ 51 வயசு. 2008லேர்ந்தே ஒலிம்பிக்ஸ்ல சுடுறவர். அந்தப் போட்டோவுல நமக்குத் தெரியாம போனது அத்தனை வருஷப் பயிற்சி.

அதனால திட்டம் இதுதான். இந்த வாரம் பக்கத்து ரைஃபிள் கிளப்புக்கு நேர்ல போய் பிகினர் கட்டணமும், கிளப் பிஸ்டல் கிடைக்குமான்னும் கேளுங்க. அன்னிக்கே மாசம் 5,000 ரூபாய்க்கு ஒரு ஆர்டி ஆரம்பிங்க. ஆறு மாசத்துல 30,000, ஒண்ணரை வருஷத்துல வட்டி இல்லாமலே 90,000. அதுக்குள்ள ஆர்வம் போயிட்டா பணம் உங்ககிட்டயே இருக்கும். போகலைன்னா, கடன் இல்லாம, கை அளவு தெரிஞ்சு, கேள்வி கேட்கத் தெரிஞ்ச ஆளா கடைக்குப் போவீங்க.

உங்க ஊர் கிளப்ல கட்டணம் எவ்வளவுன்னு கமெண்ட்ல போடுங்க, அடுத்து வர்றவங்களுக்கு உதவும்.