விமானியாகும் கனவும் பதுளை மாணவர்களின் தெரிவும்

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் ஒவ்வொரு முறையும் பதுளை மாவட்டத்தின் தமிழ், முஸ்லிம் இல்லங்களில் ஒரே கேள்வி எழுகின்றது. அடுத்தது என்ன என்பதே அது. வைத்தியர், பொறியியலாளர், ஆசிரியர் என்ற வழமையான பதில்களுக்கு அப்பால், விமானியாக வேண்டும் என்று கூறும் பிள்ளைகளும் இன்று நம்மிடையே உள்ளனர். தோட்டத்துப் பிள்ளைக்கு ஏன் இந்த ஆசை என்று ஏளனம் செய்வோரின் கூற்றில் எமக்கு உடன்பாடில்லை. ஆனால் பல்கலைக்கழக அனுமதியைக் கைவிட்டு விமானப் பயிற்சிக்குச் செல்வதா என்ற தெரிவை ஒரு குடும்பம் எதிர்கொள்ளும்போது, கனவை மட்டுமன்றிக் கணக்கையும் பார்த்தாக வேண்டும்.

முதலில் ஒரு விடயத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். விமானி அனுமதிப்பத்திரம் பெறுவதற்குப் பட்டம் அவசியமில்லை. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகளின்படி, 18 வயதை எட்டிய ஒருவர் 200 மணிநேரம் பறந்த அனுபவத்துடன் வர்த்தக விமானி அனுமதிப்பத்திரத்தைப் பெறலாம். அங்கீகரிக்கப்பட்ட முழுமையான பயிற்சிநெறியாயின் 150 மணிநேரம் போதுமானது. விமானத்தின் தலைமை விமானியாவதற்குரிய உயர் அனுமதிப்பத்திரத்திற்கு 1,500 மணிநேரம் தேவை. அமெரிக்காவின் டெல்டா விமான நிறுவனங்கூட, பட்டம் கட்டாயம் என்ற தனது நிபந்தனையை 2022 இல் நீக்கியது. ஆகவே, நான்கு ஆண்டுகளைப் பல்கலைக்கழகத்தில் ஏன் செலவிட வேண்டும் என்ற மாணவரின் கேள்வி நியாயமானதே. விமான நிறுவனங்களில் சேவை மூப்பு பெரிதும் மதிக்கப்படுவதால், முந்திச் சேர்பவருக்கு அனுகூலம் உண்டு என்பதையும் மறுப்பதற்கில்லை.

எனினும் அந்த அனுகூலத்தின் விலை என்ன? வர்த்தக அனுமதிப்பத்திரத்துடன் செலவு முடிவதில்லை. பல இயந்திர விமானம், கருவிகளின் துணையுடன் பறத்தல் ஆகியவற்றுக்கான தகைமைகளையும், பின்னர் குறிப்பிட்ட விமான வகைக்குரிய தகைமையையும் பெற வேண்டும். இவை அனைத்தையும் கூட்டினால் கோடியில் எண்ணவேண்டிய தொகை வந்து நிற்கும். 2026 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளருக்கு முன்மொழியப்பட்ட நாளாந்தத் தொகை, வரவுக் கொடுப்பனவையும் சேர்த்து 1,750 ரூபா. மாதத்தில் 25 நாட்கள் வேலை கிடைத்து, ஒரு சதமேனும் செலவிடாமல் சேமித்தாலும் ஒரு கோடி ரூபாவைச் சேர்க்க 19 ஆண்டுகள் செல்லும்.

கடன் பெறலாமே என்று சிலர் கூறக்கூடும். தலைமுறை தலைமுறையாக லயன் அறைகளில் வாழும் மக்களில் பெரும்பாலானோருக்குக் காணி உறுதி இல்லை. வங்கியிடம் எதனைப் பிணையாக வைப்பது? பதுளை, பண்டாரவளை, வெலிமடை நகரங்களில் சிறு வர்த்தகம் செய்யும் முஸ்லிம் குடும்பத்திடம் ஒரு கடை இருக்கலாம். அக்கடையை ஈடு வைத்தால் ஒரு பிள்ளையின் கனவுக்காக முழுக் குடும்பத்தின் பிழைப்பும் பணயமாகின்றது. வட்டிக் கடனைத் தவிர்க்க விரும்புவோருக்கோ அந்த வழியும் இல்லை. 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின் மண்சரிவுகளால் பதுளை மாவட்டம் அடைந்த அழிவுக்குப் பின்னர், இருந்த கையிருப்பையும் இழந்த குடும்பங்கள் ஏராளம்.

இத்துறையின் நிலையின்மையையும் கருத்திற் கொள்ள வேண்டும். 2020 இல் கொவிட் பரவியபோது உலகெங்கும் விமானங்கள் தரையில் நின்றன. அனுபவமுள்ள விமானிகளே வேலை இழந்த நிலையில் புதியவர்களுக்குக் கதவு திறக்கவில்லை. ஆனால் வேலை இல்லாத விமானியும் மருத்துவச் சான்றிதழையும் கருவிப் பறப்புத் தகைமையையும் ஆண்டுதோறும் புதுப்பித்தாக வேண்டும். 2022 இல் ரூபாவின் பெறுமதி சரிந்தபோது, அந்நிய நாணயத்தில் பயிற்சிக் கட்டணம் செலுத்திய குடும்பங்களின் செலவு ஏறத்தாழ இருமடங்கானது.

மறுபுறம், அரச பல்கலைக்கழக அனுமதி என்பது இந்நாட்டின் ஏழைப் பிள்ளைக்கு எஞ்சியுள்ள பெருஞ் சொத்தாகும். பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும் 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும் வழங்கப்படுகின்றன. கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கான 5 சதவீதத்திலும் பதுளைக்குப் பங்குண்டு. 2005 இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பதுளையிலேயே அமைந்துள்ளது. கட்டணமின்றிக் கிடைக்கும் இவ்விடத்தைக் கைவிட்டால், அது நமக்காகக் காத்திருக்கப் போவதில்லை. விமானப் பயிற்சியோ காத்திருக்கும். விமான நிறுவனங்களில் 65 வயது வரை பறப்பதற்குச் சர்வதேச விதிகள் இடமளிக்கின்றன. 25 வயதில் தொடங்குபவருக்கும் நீண்ட சேவைக்காலம் உண்டு.

எனவே குடும்பத்தின் உடைமைகளைப் பணயம் வைத்தே பயிற்சி பெறவேண்டிய நிலையிலுள்ள மாணவர்கள், கிடைத்த பல்கலைக்கழக இடத்தை முதலில் பற்றிக்கொள்வதே உசிதமானது என்பது எமது நிலைப்பாடு. இதனால் கனவைக் கைவிட வேண்டியதில்லை. எந்த நிறுவனத்திற்கும் முற்பணம் செலுத்துமுன், விமானிகளுக்குரிய முதலாந்தர மருத்துவப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும். நிறக்குருடு போன்ற ஒரு குறைபாடு பின்னர் தெரியவந்தால், செலவிட்ட பணம் அனைத்தும் வீணாகிவிடும். பயிற்சி நிறுவனம் சிவில் விமானச் சேவைகள் அதிகார சபையின் அங்கீகாரம் பெற்றதா என்பதையும் உறுதிப்படுத்த வேண்டும். சர்வதேச விமானச் சேவைக்கு ஆங்கிலத்தில் நான்காம் மட்டத் தேர்ச்சி அவசியம் என்பதால், பல்கலைக்கழகக் காலத்தை அதற்கும் பயன்படுத்தலாம்.

ஆயினும் மாணவர்களுக்கு அறிவுரை கூறுவதோடு எமது கடமை முடிந்துவிடாது. பணம் படைத்தவருக்கு இது ஒரு தெரிவு. பணமற்றவருக்குத் தெரிவே இல்லை. 2017 இல் ஆரம்பிக்கப்பட்ட வட்டியற்ற மாணவர் கடன் திட்டம் பட்டப்படிப்புகளுக்கானதாகவே வகுக்கப்பட்டது. விமானப் பயிற்சிக்கும் அத்தகைய ஒரு திட்டம் வேண்டும். அயல்நாடான இந்தியாவில், ரேபரேலி அருகே அரசின் கீழ் இயங்கும் இந்திரா காந்தி விமானப் பயிற்சி நிறுவனத்தில் பின்தங்கிய சமூகத்தவருக்கு இட ஒதுக்கீடு உண்டு. இங்கும் ஆண்டுக்கு இருவர், மூவருக்கேனும் முழுமையான புலமைப்பரிசில் வழங்குவது அரசுக்குப் பெருஞ் சுமையாகாது.

அதைவிட அடிப்படையான தேவை ஒன்றுண்டு. தோட்டப்புறப் பாடசாலைகளில் கணித, விஞ்ஞானப் பிரிவுகளும் தகுதியான ஆங்கில ஆசிரியர்களும் இல்லாதவரை, பல்கலைக்கழகமா விமானமா என்ற கேள்வியே அப்பிள்ளைகளில் பெரும்பாலானோரின் முன் எழப்போவதில்லை. மலையகப் பிரதிநிதிகளும் முஸ்லிம் அரசியல் தலைமைகளும் கல்வி அதிகாரிகளும் இதனைக் கவனத்திற் கொள்ள வேண்டும். இரத்மலானையின் ஓடுபாதையை ஊவாவின் பிள்ளையும் எட்ட வேண்டுமாயின், அதற்கான வழி அப்பிள்ளையின் வகுப்பறையிலிருந்தே அமைக்கப்பட வேண்டும்.