சாரதா அம்மன் பெயரில் பொய் வேண்டாம்



சரஸ்வதி பூசை நெருங்கினா போதும், நம்ம ஆலயப் புலனக் குழுவில் அதே செய்தி வந்துடும். “காஷ்மீர் சாரதா பீடத்தை 1947இல் இடிச்சுட்டாங்க, இந்துவா இருந்தா பத்து பேருக்கு அனுப்பு!” போன வருஷம் அதோட வந்த படத்தை உற்றுப் பார்த்தோம். அது சாரதாவே இல்லை. அனந்தநாக் பக்கம் இருக்கிற மார்த்தாண்ட சூரியன் கோயில். எடுத்துச் சொன்ன எங்களைத்தான் பயந்தாங்கொள்ளின்னு திட்டினாங்க. அதனால்தான் இந்தப் பதிவு.

சாரதா என்பது ஒரு கிராமத்தின் பெயரும்கூட. நீலம் பள்ளத்தாக்கில், கிஷன்கங்கா ஆற்றங்கரையில், பாகிஸ்தான் கட்டுப்பாட்டில் உள்ள காஷ்மீரில் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் கல்ஹணர் ராஜதரங்கிணியில் இந்தத் தலத்தைக் குறிப்பிடுகிறார். அதற்கும் முன்னாடி, 11ஆம் நூற்றாண்டில், சோமநாதபுரத்தோடு சேர்த்துச் சாரதாவின் மரச் சிலையையும் யாத்திரையையும் எழுதி வைத்தவர் அல்பிரூனி. அவர் ஒரு முஸ்லிம் அறிஞர். இதை யாராவது ஃபார்வர்ட் பண்றோமா?

நமக்கும் அங்கே உறவு உண்டு. போதாயன விருத்தி நூலைத் தேடி ராமானுஜர் கூரத்தாழ்வானோடு காஷ்மீரம் போனார், நூலை எடுத்துவர விடவில்லை, ஆழ்வான் படித்ததை மனசிலேயே ஏற்றிக்கொண்டு வந்தார் என்பது வைணவ மரபு. படிச்சதைப் பிசகாமல் சொன்னவர் வழியில் வந்த நாம், படிக்காமலே அனுப்புறோம்!

1892இல் ஆரல் ஸ்டைன் அங்கே போனபோதே கோயில் பழுதடைந்திருந்தது, யாத்திரையும் சுருங்கியிருந்தது. 1947-48 போருக்குப் பிறகு நடுவில் எல்லைக்கோடு விழுந்தது, வழி அடைபட்டது. காஷ்மீரப் பண்டிதர்கள் தங்கள் குலதெய்வத்தை இன்னும் போய்க் கும்பிட முடியலை. அதுதான் உண்மையான வலி.

“அப்போ வாயை மூடிக்கிட்டு இருக்கணுமா?”ன்னு கேட்பீங்க. வேண்டாம், பேசுங்க. சீக்கியர்களுக்குக் கர்த்தார்பூர் வழி 2019இல் திறந்ததே, சாரதாவுக்கும் திறக்கட்டும்னு சத்தமாவே கேளுங்க. ஆனால் தப்பான படத்தை வச்சுக் கேட்டா, அந்த நியாயமான கோரிக்கையும் சேர்ந்து பொய்யாத்தான் தெரியும். நஷ்டம் யாருக்கு? அந்தப் பண்டிதர்களுக்குத்தான்.

எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் தீத்வால் கிராமத்தில் 2023 மார்ச்சில் புதிய சாரதா கோயில் திறந்தாங்க. சிருங்கேரி மடம் பஞ்சலோகச் சிலை கொடுத்தது. கட்டுமானக் குழுவில் அந்த ஊர் முஸ்லிம்களும் இருந்தாங்க. எல்லையிலேயே வாழ்றவங்க கோயில் கட்டுறாங்க. இவ்வளவு தூரத்தில் பாதுகாப்பா உட்கார்ந்திருக்கிற நாம வெறுப்பை அனுப்பிட்டிருக்கோம்.

இந்த வருஷம் பூசைக்குப் புத்தகம் வைக்கும்போது கைப்பேசியையும் பக்கத்தில் வைங்க. திரும்ப எடுத்ததும், அனுப்புற முன்னாடி ஒரு நிமிஷம் சரிபாருங்க. கல்விக் கடவுளுக்குப் பொய்யைப் படைக்க முடியாது.

தாயே சரணம்.
ஆலயத் தொண்டர்கள்