மருத்துவர் தொலைவில், மொழியுமா தொலைவில்?

கும்மிடிப்பூண்டிச் சிப்காட் வளாகத்தில், வார்ப்பாலை ஒன்றில் மணல் அச்சு இடிக்கும் தொழிலாளி ஒருவன் மூன்று கிழமையாக இருமுகின்றான் என்று கொள்க. நெஞ்சக ஊடுகதிர்ப்படம் எடுத்து வருமாறு மருத்துவர் எழுதித் தருகின்றார். நிலையத்தில் அவனை நிறுத்திப் படம் எடுப்பவர் தொழில்நுட்பர் ஒருவர். படத்தைப் பார்த்து நோய் இன்னதெனக் கூறவேண்டிய கதிரியல் மருத்துவர் அங்கு இல்லை. அவர் சென்னையில் தம் வீட்டு மாடியறையில் இருக்கலாம், பெங்களூரிலும் இருக்கலாம். சிறிது பொழுதில் அவரிடமிருந்து அறிக்கை வருகின்றது. அச்சாகி, உறையிலிடப்பட்டு, தொழிலாளியின் கைக்குச் சேர்கின்றது. பிரித்துப் பார்க்கின்றான், முழுதும் ஆங்கிலம். தன் மருத்துவரைக் காண மறுநாள் மாலை ஆகும். அதுவரை அத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மருந்துக்கடைக்காரரிடமும் அண்டைவீட்டுப் பள்ளிப் பிள்ளையிடமும் நீட்டுகின்றான்.

பிள்ளை என் செய்யும்? 'அன்ரிமார்க்கபிள்' என்றிருப்பதைக் கண்டு, ஏதோ சொல்லக்கூடாத நோய் போலும் என்கின்றது. பழுதொன்றும் இல்லை என்பதே அச்சொல்லின் கருத்து. 'நெகட்டிவ்' என்றிருந்தால் கெட்ட செய்தி என்று வீட்டார் அழுகின்றனர். தேடிய நோய் இல்லை என்பதன்றோ அதன் பொருள்! அறிக்கையின் அடியில் பெரும்பாலும் 'கிளினிக்கல் கோரிலேசன்' என்றொரு தொடர் காணப்படும். நோயாளியை நேரிற் பார்ப்பவர் தாம் கண்ட குறிகளோடு இதனை ஒப்புநோக்கி முடிவு செய்க என்று ஒரு மருத்துவர் மற்றொரு மருத்துவர்க்குச் சொல்வது அது. நோயாளிக்கு அதுவும் ஒரு நோயின் பெயர்.

வீட்டிலிருந்து படம் பார்ப்பதைக் குறை கூறுவதற்கில்லை. செருமனி நாட்டு அறிஞர் இரோண்ட்கென் 1895-இல் ஊடுகதிரைக் கண்டறிந்த நாள் தொட்டு, படம் ஒரு தகட்டில் இருந்தது. தகடு இருந்த இடத்தில் மருத்துவரும் இருந்தாக வேண்டும். 1971-இல் இலண்டன் மருத்துவமனை ஒன்றில் அவுன்சுபீல்டு என்பாரின் கருவி ஒரு நோயாளியின் தலையைக் குறுக்குவெட்டாகப் படம்பிடித்தது. மக்கள் 'சி.டி.' என்று வழங்கும் அப்படம் தொடக்கத்திலேயே கணிப்பொறியில் பிறந்த எண்களின் கோவை. எண்களாயின் கம்பிவழி எங்கும் போகும். 1993-இல் எல்லாக் கருவிகளுக்கும் ஏற்ற பொதுவடிவம் ஒன்று வகுக்கப்பட்டபின் தடை நீங்கிற்று. அமெரிக்காவின் நள்ளிரவு இங்கே நண்பகல். அங்கே விபத்தில் அடிபட்டவரின் படத்தை இங்கே பகலில் பார்த்துச் சொல்லும் தொழிலை, யேல் பல்கலைக்கழகத்திலிருந்து திரும்பிய மருத்துவ இணையர் 2002-இல் பெங்களூரில் நிறுவினர். 2020-இல் பெருந்தொற்று வந்தபோது, மருத்துவமனையில் அமர்ந்து படம் பார்த்தவர்களும் நுண்திரைகளை வீட்டில் நிறுவிக்கொண்டனர். பலர் பிறகு மீளவே இல்லை.

இதனால் நன்மை உண்டு. சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலை கும்மிடிப்பூண்டி வழியே செல்கின்றது. சரக்குந்துகள் இரவெல்லாம் ஓடுகின்றன. நள்ளிரவில் மண்டையில் அடிபட்டு வருபவனுக்கு மூளையில் குருதிக்கசிவு உண்டா என்பதை, வீட்டில் விழித்திருக்கும் ஒருவர் உடனே பார்த்துச் சொல்ல முடியுமாயின் ஓர் உயிர் பிழைக்கும். ஒவ்வொரு சிற்றூர் மருத்துவமனைக்கும் இரவெல்லாம் ஒரு கதிரியல் மருத்துவர் என்பது நடவாத காரியம்.

ஆனால், மருத்துவர் வீட்டுக்குப் போனபோது அவரோடு ஒன்றும் போயிற்று. முன்பும் அறிக்கை ஆங்கிலத்தில்தான் இருந்தது. எனினும் அதை எழுதியவர் கதவுக்கப்பால் இருந்தார். "ஐயா, என்னங்க இருக்குது?" என்று கேட்டால், "ஒன்றுமில்லை, பழைய சளித் தழும்பு, அஞ்சாதே" என்று ஒரு வரி தமிழில் வரும். அந்த ஒரு வரியைக் கேட்டுவிட்டு நோயாளி அன்றிரவு உறங்குவான். வயிற்றை மீயொலிக் கருவியால் பார்க்கும் அறையில் இன்றும் அவ்வரி கிடைக்கின்றது. அக்கருவியை மருத்துவரே தம் கையால் வைத்துப் பார்க்கின்றார். கருவறுப்புத் தடுக்க எழுந்த 1994-ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்விடத்தையும் கருவியையும் பதிவு செய்யச் சொல்லுகின்றது. ஆதலின் அது எளிதில் வீட்டுக்குப் போகாது. "கல் சிறியதுதான் அம்மா, நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்ற சொல் அங்கே உண்டு. ஊடுகதிர்ப்படத்துக்கும் குறுக்குவெட்டுப் படத்துக்கும் அச்சொல் அற்றுப்போயிற்று. எஞ்சியிருப்பது தாள் ஒன்றே. பேசியாக வேண்டியது இனி அத்தாள்தான். அதுவோ ஆங்கிலம் பேசுகின்றது.

இது நோயாளியின் ஆறுதலோடு நின்றுவிடும் செய்தி அன்று. வார்ப்பாலைத் தூசியால் நுரையீரல் கற்போல் இறுகும் 'சிலிக்கோசிசு' என்னும் நோயை, மருத்துவர் அரசுக்கு அறிவிக்கக் கடமைப்பட்ட நோய்களுள் ஒன்றாக 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வகுத்தது. தொழிலால் வந்த நோய்க்கு இழப்பீடு கேட்கும் உரிமையும் தொழிலாளிக்கு உண்டு. அந்நோயின் பெயர் எழுதிய தாள் தன் பையிலேயே இருந்தும், அதை அறியாமல் மறுநாள் அதே மணலுக்குத் திரும்புகின்றவன் எவ்வுரிமையைக் கேட்பான்? தமிழில் 'மணல்தூசால் வந்த நுரையீரல் நோயாகலாம்' என்று ஒரு வரி இருந்தால் அவன் கேட்கத் தொடங்குவான். அவ்வரி இல்லாமை எவர்க்கு ஏந்தாயுள்ளது என்பதைத் தமிழன்பர் எண்ணிப் பார்க்க.

தமிழில் மருத்துவம் எழுத வாராது என்பார் உளர். கும்மிடிப்பூண்டியில்தானே ஈழத்தமிழர் மறுவாழ்வு முகாம் உள்ளது? அவர்தம் முன்னோர் மண்ணில், யாழ்ப்பாணத்தில், சாமுவேல் பிசுக் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1847 முதல் 1873 வரை பணியாற்றினார். அவர் தமிழ் கற்று, 1864 முதல் மேலைமருத்துவத்தைத் தமிழிலேயே பயிற்றினார். உடற்கூற்றுப் பெருநூலைத் தமிழாக்கி 1872-இல் அச்சிட்டார். அந்நூற்பெயர் 'மனுச அங்காதிபாதம்' என வடசொல்லாய் நிற்பது உறுத்தத்தான் செய்கின்றது. எனினும் அயலார் ஒருவர் அன்று செய்ய முயன்றதில் நூற்றிலொரு பங்கு, நான்கு வரி, இன்று தமிழ்த்தாயின் மக்களால் ஆகாதோ?

படம் பார்ப்பவர் தமிழறியாத வெளிமாநிலத்தவர் ஆயின் என் செய்வது என்று கேட்கலாம். இத்தொழிலின் நடைமுறையே விடை தருகின்றது. அறிக்கைகள் பெரும்பாலும் முன்னரே வகுத்து வைத்த தொடர்களால் ஆனவை. பழுதில்லாத நெஞ்சுக்கு ஒரு வாய்பாடு, எலும்பு முறிவுக்கு ஒன்று, நுரையீரல் உறையில் நீர் கோத்தலுக்கு ஒன்று, முதுகின் இடைத்தட்டுப் பிதுக்கத்துக்கு ஒன்று. மருத்துவர் ஏற்றதைத் தேர்ந்து, வேண்டுமிடத்து மாற்றுகின்றார். அவ்வாய்பாடுகளுக்குக் கதிரியல் மருத்துவரும் தமிழாசிரியரும் கூடி அமர்ந்து ஒருமுறை தமிழ் எழுதி வைத்தால், தேர்ந்த அளவில் தமிழும் தானே அச்சாகும். பொறியை மொழிபெயர்க்க விட்டுவிட்டுக் கைகழுவுதல் கூடாது. 'அன்ரிமார்க்கபிள்' என்பதற்கு அது 'குறிப்பிடத்தக்கதன்று' என்று எழுதி அண்டைவீட்டுப் பிள்ளையின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வாய்பாட்டில் அடங்காத அரிய நோய்க்கு மட்டும், படம் எடுத்த நிலையத்திலுள்ள தமிழர் ஒருவர் தொலைப்பேசியில் மருத்துவரிடம் கேட்டு எழுதலாம்.

மருத்துவர்க்கு வேண்டிய ஆங்கிலப் பகுதி அப்படியே இருக்கட்டும். அதை எவரும் பறிக்க வரவில்லை. சிப்காட்டில் ஒடியரும் பீகாரிகளும் பலர் உழைக்கின்றனர். அவர்க்கு அவர்தம் மொழியில் நான்கு வரி தருவதும் முறையே. அமெரிக்காவில் 2021 ஏப்பிரல் முதல் அறிக்கை எழுதியவுடன் நோயாளி தானே பார்க்க வழி செய்துள்ளனர். அங்கே பெரும்பாலார்க்கு அது வீட்டுமொழி.

திருவள்ளூரில் 2022 சனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. இவ்வாய்பாட்டுப் பணியை அங்கே தொடங்கலாம். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, ஊத்துக்கோட்டையிலிருந்து நோயாளிகள் உறையும் கையுமாய் வருமிடம் அது. 'இப்படத்தில் கண்டது, கவலைக்குரியதா, அடுத்து யாரைப் பார்ப்பது, எத்தனை நாளுக்குள்' என்னும் நான்கு வரிக்கு அறிக்கைத் தாளின் அடியில் இடம் வேண்டும் என்று மருத்துவத் துறை அமைச்சர்க்குத் தொழிற்சங்கங்களும் தமிழ்மன்றங்களும் ஒருங்கே எழுதுக; தனியார் நிலையங்களுக்கும் அவ்விதியை விரிக்குமாறு அம்மடலிலேயே கேட்க.