பெயரைச் சொல்லுங்க டாக்டர்!

மதுரையோ, மேலூரோ, உசிலம்பட்டியோ... குழந்தைகள் கிளினிக் வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். "பிள்ளைக்கு என்னங்க?" என்று கேட்டால், "பிரைமரி காம்ப்ளெக்ஸாம். ஆறு மாசம் மருந்து சாப்பிடணுமாம்" என்று யாராவது ஒரு அம்மா சொல்வார்.

ஏதோ சத்துக்குறைவு மாதிரி காதில் விழுகிறது, இல்லையா? சத்துக்குறைவு இல்லை சார், டி.பி! குழந்தையின் நுரையீரலில் முதன்முதலாகப் பிடிக்கும் காசநோய்க்குத்தான் அந்தப் பெயர். 'தோப்பூர் ஆஸ்பத்திரி' என்றாலே பதறுகிற நாம், இங்கிலீஷில் சொன்னதும் தலையாட்டிவிடுகிறோம்.

நிஜமாகவே டி.பி. என்றால் அந்த மருந்து உயிர் காக்கும். ஆனால், ராத்திரியிலும் விடியற்காலையிலும் இருமல், ஓடினால் இழைப்பு, மூச்சு விடும்போது விசில் சத்தம், நடுவில் பல நாள் பிள்ளை ஜம்மென்று இருக்கிறது... இப்படி என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஆஸ்துமாவை. மூச்சுக்குழாயின் உள்பக்கம் வீங்கி, சுற்றியுள்ள தசை இறுகி, காற்றுப் போகும் வழி சுருங்கிவிடுகிறது. அதற்கு டி.பி. மாத்திரை என்ன செய்யும்?

ஆஸ்துமா என்று சொல்ல டாக்டருக்குத் தயக்கம். கேட்க நமக்குப் பயம். "பொம்பளைப் பிள்ளை, நாளைக்குக் கல்யாணம் ஆகணுமே!" "பம்ப் அடிச்சா பழகிடுமே!"

பம்ப் பழக்கமாகாது. கணக்குப் பார்ப்போம். சால்பூட்டமால் மாத்திரை ஒன்றில் 2 மில்லிகிராம் மருந்து. இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் 100 மைக்ரோகிராம். இருபதில் ஒரு பங்கு! மாத்திரை ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றுகிறது, கை நடுங்க வைக்கிறது. பம்ப் மருந்து நேராக மூச்சுக்குழாய்க்குப் போகிறது. இழைப்பு வராமல் தடுக்க தினமும் எடுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் வளர்த்தியை ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குறைக்கலாம், உண்மைதான். ஒரு சென்டிமீட்டர் பெரிதா, மூச்சு பெரிதா?

2012 மே மாதம் முதல், டி.பி. என்று முடிவு செய்தால் தனியார் டாக்டரும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். எனவே மூன்றே கேள்வி கேளுங்கள். "இது டி.பி.யா? எந்தப் பரிசோதனையில் தெரிஞ்சுது? அரசுக்குத் தெரிவிச்சாச்சா?" கையில் ஊசி போட்ட இடம் தடித்தது என்பது மட்டும் பதிலாகாது.

மழுப்பினால், ஆரம்பித்த மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். இன்னொரு குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். புடவைக்கு நாலு கடை ஏறி இறங்குகிறோமே... பிள்ளையின் மூச்சுக்கு இரண்டாவது வாசல் ஏறக்கூடாதா?