பெயர் யாருக்கு?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு வழக்கு. வாதி அப்பா, பிரதிவாதி அம்மா, நீதிபதி அடியேன். டெலிவிஷனில் ‘தில்லானா மோகனாம்பாள்’ ஓடிக்கொண்டிருந்தது.

“படம் முழுக்க சிவாஜி. பெயர் மட்டும் பத்மினிக்கா? ‘சிக்கல் சண்முகசுந்தரம்’ என்றல்லவா வைத்திருக்க வேண்டும்!” என்று ஆரம்பித்தார் அப்பா.

“பேரைக் கொடுத்துவிட்டால் உங்களுக்கு என்ன குறைந்து போச்சு?” என்றாள் அம்மா.

தீர்ப்புக்குக் கொஞ்சம் அவகாசம் வாங்கிக்கொண்டு, கதாபாத்திரத்தின் பெயரையே தலையில் சூட்டிக்கொண்ட படங்களில் எனக்குப் பிடித்தவற்றை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன்.

முதலில் வந்து நின்றவர் 1941-ஆம் வருஷத்து ‘சபாபதி’. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம், ஏ. வி. மெய்யப்பன் கையில் படமாயிற்று. இதில் யார் சபாபதி என்று கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள். எஜமான் டி. ஆர். ராமச்சந்திரனும் சபாபதி; சொன்னதைச் சொன்னபடியே செய்து எஜமானின் உயிரை வாங்குகிற வேலைக்காரன் காளி என். ரத்தினமும் சபாபதி. ஒரே தலைப்பை இரண்டு பேருக்குப் பங்கு போட்டுக் கொடுத்த சமத்து! எங்கள் வீட்டு வழக்கையும் இப்படி முடித்துவிடலாமே என்று ஒரு சபலம் தட்டியது. ஆனால் மோகனாம்பாள் ஒருத்திதானே?

‘சந்திரலேகா’வின் கதை இன்னும் வேடிக்கை. ஊரில் பிள்ளை பிறந்த பிறகு பெயர் வைப்பார்கள். எஸ். எஸ். வாசன் பெயரை வைத்துவிட்டுப் பிள்ளைக்குக் காத்திருந்தார்! விளம்பரம் வந்துவிட்டது, கதை வரவில்லை. ஜெமினி கதை இலாகா மாதக்கணக்கில் மண்டையைக் குடைந்துகொண்டது. ஒரு தீரப் பெண் கொள்ளைக்காரனின் மூக்கை அறுத்து, அதில் மிளகாய்ப் பொடியையும் திணிக்கிறாள் என்று ஒரு கதை சொன்னார்களாம். வாசன் முகம் சுளித்துக் கதையைத் தள்ளிவிட்டார். பெயரை மட்டும் விடவில்லை.

கடைசியில் 1948-இல் வெளிவந்த படத்தில் சிம்மாசனத்துக்காக அண்ணன் எம். கே. ராதாவும் தம்பி ரஞ்சனும் மோதிக்கொள்கிறார்கள். கத்திச் சண்டை, சர்க்கஸ், குதிரை எல்லாம் உண்டு. இருந்தாலும் காரியத்தைச் சாதிப்பது யார்? கல்யாணத்துக்குச் சம்மதித்ததுபோல் நடித்து, முரசு நடனம் வேண்டும் என்று கேட்கிறாளே டி. ஆர். ராஜகுமாரி, அவள்தான். மலை மலையாய் அடுக்கிய முரசுகளின் மேலே நாட்டியம். உள்ளே ஒளிந்திருக்கிறார்கள் வீரர்கள். பெயர் முதலில் வந்ததோ கதை முதலில் வந்ததோ, அந்தப் பெயரை அவள் சம்பாதித்துக்கொண்டாள் என்றுதான் நான் சொல்வேன்.

அந்தக் கதை இலாகாவில் இருந்தவர்களில் ஒருவர் கொத்தமங்கலம் சுப்பு. அவரேதான் பிற்பாடு ‘கலைமணி’ என்ற புனைபெயரில், கோபுலுவின் சித்திரங்களோடு, ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடர்கதையை விகடனில் எழுதினார். 1968-இல் ஏ. பி. நாகராஜன் அதைப் படமாக்கினார். ஆக, சுற்றிச் சுற்றி நம் வழக்குக்கே வந்துவிட்டோம்.

அப்பா கட்சியில் நியாயம் இல்லாமல் இல்லை. மதுரை சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரத்துக்கு சிவாஜி கன்னத்தை உப்பவைக்கும்போது, வாசிப்பது வேறு யாரோ என்பதே மறந்துபோகிறது. கோபம், சந்தேகம், பிடிவாதம் எல்லாம் அவருக்கு. மோகனாவுக்கு ஆட்டமும் பொறுமையும்தான்.

ஆனால் போட்டிக் காட்சியைக் கவனித்தீர்களா? தன்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று மார்தட்டியவன், அவள் ஆட்டத்தைப் பார்த்து மனசு இளகி, ‘தில்லானா மோகனாம்பாள்’ என்ற பட்டத்தைத் தானே கொடுக்கிறான். படத்தின் தலைப்பைச் சொல்வது சாட்சாத் சண்முகசுந்தரம்தான்! அந்த ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வருவதற்குத்தானே அத்தனை நேரம் காத்திருக்கிறோம்?

இதையே தீர்ப்பாக வாசித்தேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு விஷயம் சொல்ல விட்டுப்போச்சு. அம்மா பதினாறு வயது வரை நாட்டியம் கற்றுக்கொண்டவள். கல்யாணத்தோடு நின்றுபோயிற்று. சலங்கை இன்னும் பரண்மேல் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கிறது. அம்மாவின் ஆட்டத்தைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

படம் முடிந்து வெகு நேரம் கழித்து அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“அந்தப் பட்டத்தை அவன் முதல் நாளே கொடுத்துத் தொலைத்திருக்கலாம்.”

“கொடுத்திருந்தால் படம் ஏது?” என்று சொல்லிவிட்டு, அம்மா காப்பி கலக்க எழுந்து போனாள். அப்பாவும் பின்னாலேயே அடுப்பங்கரைக்குப் போனார். அவர் அந்தப் பக்கம் போய் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.