மறைக்கப்படும் துவக்க வரிகள்

உபுண்டு நிறுவப்பட்ட கணினியை இயக்கினால் முதலில் ஒரு சின்னம் தோன்றும். சற்று நேரத்தில் உள்நுழைவுத் திரை வந்துவிடும். இடைப்பட்ட நொடிகளில் கெர்னல் நூற்றுக்கணக்கான வரிகளை எழுதி முடித்திருக்கும். செயலி எது, நினைவகம் எவ்வளவு, எந்த வட்டு கண்டறியப்பட்டது, எந்த இயக்கிக்குரிய ஃபர்ம்வேர் கிடைக்கவில்லை என்பன எல்லாம் அவற்றில் உண்டு. அவ்வரிகளைக் கண்ணுக்குப் புலப்படாமல் செய்பவை 'குவையட்', 'ஸ்பிளாஷ்' என்னும் இரண்டே சொற்கள். கிரப் துவக்கியின் அமைப்புக் கோப்பில் அவை இயல்பிருப்பாகவே இடம்பெற்றுள்ளன. வீட்டுக் கணினிக்கு இந்த ஏற்பாடு பொருந்தும். இயங்குதளத்தையே பாடமாகக் கற்பிக்கும் கல்லூரி ஆய்வகத்திலும் இதையே கேள்வியின்றி விட்டுவைப்பது பொருந்தாது.

இதன் விளைவு பலரும் எண்ணுவதைவிடப் பெரியது. லினக்ஸ் கெர்னல் தன் செய்திகளை 0 முதல் 7 வரை எட்டு நிலைகளாகப் பிரிக்கிறது. எண் குறையக் குறைய அவசரம் கூடும். முனையத்திரைக்கென ஒரு வரம்பெண் உண்டு. அதனினும் சிறிய எண் பெற்ற செய்திகளே திரைக்கு வரும். கெர்னலின் சொந்த இயல்பிருப்பில் அந்த வரம்பு 7. பிழைதிருத்தச் செய்திகள் நீங்கலாக அனைத்தும் தெரியும். 'குவையட்' அதை 4 ஆகக் குறைக்கிறது. எச்சரிக்கைகளின் நிலையும் 4 என்பதால், வெறும் தகவல்களோடு எச்சரிக்கைகளும் சேர்ந்தே மறைகின்றன.

செய்திகள் அழிவதில்லை, இடையகத்தில் இருக்கின்றன, 'டிமெசேஜ்' கட்டளையால் படித்துக்கொள்ளலாம் என்று மறுமொழி கூறப்படலாம். ஆனால் உபுண்டு 20.10 முதல் அக்கட்டளைக்கு நிர்வாகி உரிமை தேவை. கெர்னலின் நினைவக முகவரிகள் கசியக்கூடாது என்பது அதற்குரிய நியாயமான காரணம். எனினும் ஆய்வக மாணவருக்கு அவ்வுரிமை பெரும்பாலும் வழங்கப்படுவதில்லை. அவருக்கு முன்வாசல், பின்வாசல் இரண்டும் அடைபட்டுவிடுகின்றன.

ஓபன்பிஎஸ்டி வேறு வழியில் செல்கிறது. அதன் துவக்க வரிகள் நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்துகளாக மறைவின்றி ஓடும். பயனர்கள் அவ்வரிகளைத் தங்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பவேண்டும் என்று அதன் உருவாக்குநர்கள் கேட்டுக்கொள்கின்றனர். எத்தகைய வன்பொருள்கள் புழக்கத்தில் உள்ளன என்பதை அவற்றிலிருந்தே அறிகின்றனர். மற்றோரிடத்தில் இரைச்சலாகக் கருதப்படுவது அங்கே களத்தரவு.

வரிகள் ஆங்கிலத்தில் இருப்பதால் தமிழ்வழி பயின்று வந்த மாணவர் மிரள்வார் என்ற தடையைப் புறந்தள்ள இயலாது. மொழிபெயர்த்தாலும் பயன் குறைவே. லினக்ஸ் முனையத்திரையின் எழுத்துரு 512 வடிவுருக்களுக்குமேல் ஏற்பதில்லை. கொம்பை மெய்யெழுத்துக்கு முன்னே நகர்த்திக் காட்டவும் அதற்குத் தெரியாது. ஆயினும் அவ்வரிகளை முழுதும் வாசித்துப் புரிந்துகொண்டாக வேண்டியதில்லை. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் உள்ள நேரக் குறிப்பே ஒரு பாடம். தொடக்கத்தில் பல வரிகளில் அது சுழியாகவே நிற்கும். நேரத்தை அளக்கும் ஏற்பாடே அப்போது ஆயத்தமாகியிருக்காது. ஏன் சுழி என்ற ஒரு கேள்வியால் ஒரு வகுப்பை நடத்திவிடலாம். கெர்னலுக்கு வழங்கப்பட்ட கட்டளை வரியும் அங்கே பதிவாகியிருக்கும். பேசாதே என்ற ஆணையைக்கூட அது எழுதிவைத்துவிட்டுத்தான் அடங்குகிறது!

ஆய்வக உதவியாளர்களின் அச்சம் வேறு. ஒவ்வோர் எச்சரிக்கையைக் கண்டதும் மாணவர்கள் கணினி பழுதென்று ஓடிவருவார்கள். ஏசிபிஐ பற்றிய பிழைச்செய்திகளுள் பல, தயாரிப்பாளரின் ஃபர்ம்வேர் குறைபாட்டால் வருபவை; கணினி வழக்கம்போல் இயங்கும். எது பொருட்படுத்தத்தக்கது, எது அன்று என்று பிரித்தறியும் பழக்கம் செய்முறை வகுப்பில் ஏற்படாவிட்டால் வேறெங்கும் ஏற்பட வாய்ப்பில்லை. செய்யவேண்டியதும் மிகக் குறைவு: கிரப் அமைப்புக் கோப்பிலிருந்து அவ்விரு சொற்களை நீக்கி, 'அப்டேட்-கிரப்' கட்டளையை ஒருமுறை இயக்கினால் போதும். பருவத் தொடக்கத்தில், முதல் செய்முறை வகுப்புக்கு முன்பே இதை முடித்துவிடலாம்.